சார், ஒரு லெட்டர் வேணும்!

அக்டோபர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஸ்டாஃப் ரூம் வாசலில் பழைய மாணவர்கள் இரண்டு பேராவது நிற்பார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பம் போடுகிறவர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அங்கே மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று தயங்கிக் கேட்டால், "அதுக்கென்னலே, நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போட்டுத் தாரேன்" என்று பதில் வரும். பிள்ளைக்கு நிம்மதி. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மூன்றையும் ஒரே ஆள் எழுதினால் மூன்றும் ஒரே குரலில் பேசும். அதுவும் என்ன எழுதுவார்கள்? டி.சி.யோடு கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ்தான் நம் பிள்ளைகள் கண்ட ஒரே மாதிரி. 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி.' எல்லாருக்கும் பொருந்தும் வரி யாருக்கும் உதவாது.

உதவிய கடிதம் ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்காக 1913 பிப்ரவரியில் எழுதப்பட்டது. எஃப்.ஏ. தேர்வில் தவறிய ராமானுஜனிடம் பட்டம் கிடையாது. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், துறைமுகத்துக்கு வந்தபோது அவருடைய கணக்குகளைப் பார்த்தார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இந்த வேலையின் புதுமை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவுக்கு ஈடானது என்றார். முழுமையும் துல்லியமும் போதாது என்பதையும் சேர்த்தே எழுதினார். இந்தப் பிரிவு தன் துறை இல்லை, ஆகவே இவர் ஐரோப்பிய அளவில் பெயர் எடுப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். குறையைச் சொன்ன வாய் பாராட்டியதால் பாராட்டை நம்ப முடிந்தது. பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, 2 ஆண்டுகளுக்குக் கிடைத்தது.

வாக்கருக்குக் கணக்கு கண்முன்னால் இருந்தது. நம் பேராசிரியர் வருஷத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்! முகம் நினைவிருக்கும், புராஜெக்ட் மறந்திருக்கும். அதனால் கேட்கப் போகும்போது மார்க் ஷீட், புராஜெக்ட் ரிப்போர்ட், எந்தப் பல்கலைக்கழகம், கடைசித் தேதி எல்லாம் கையில் இருக்கட்டும். கூடவே, "தண்ணி சாம்பிள் குறுக்குத்துறையிலயும் சீவலப்பேரியிலயும் எடுத்தேன் சார். முதல் ரீடிங் தப்பாப் போச்சு. மறுபடி எடுக்கச் சொன்னீங்கள்லா" என்று ஒரு சம்பவம். "ஆமா, நீதானா அது!" என்று அவரே எழுத உட்கார்ந்துவிடுவார். பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்தைவிட, லேபில் பக்கத்தில் நின்றவரின் நாலு வரிக்கு மதிப்பு அதிகம்.

கடிதத்தை இப்போது மாணவர் கையில் வாங்குவதில்லை. பல்கலைக்கழகம் ஆசிரியருக்கே மெயிலில் லிங்க் அனுப்பும். அது ஸ்பாமில் போய் ஒளிந்துகொள்வது வாடிக்கை. ஜிமெயிலைவிடக் கல்லூரி முகவரி நல்லது. 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். 1974-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் விளைவு அது. 'ஆம்' என்பதே வழக்கம். மாணவர் பார்க்கமாட்டார் என்றால்தான் ஆசிரியர் மனம்விட்டு எழுதுவார்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். நெல்லைக்கு அது மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது. பல இடங்களில் கரன்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வண்ணார்பேட்டை வெள்ளம் எப்படித் தெரியும்? நவம்பருக்குள் மூன்று கடிதமும் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

கேட்கப் போகும்போது அல்வா டப்பா வேண்டாம், லஞ்சம் மாதிரி இருக்கும். மார்ச்சில் முடிவு வந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம். சீட் கிடைக்கவில்லை என்றாலும் சாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷமும் அவரிடம்தானே கேட்கணும்?