அச்சைத் தெரிவுசெய்ய முன்னர் அடுப்பைத் தெரிவுசெய்வோம்



கிண்ணியாப் பாலத்தடியிலும் மூதூர்க் கரையிலும் பின்னேரங்களில் தூண்டில் தடியோடு நிற்கும் தம்பிமார் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஒரு கொடுவா பிடிபட்டால் வீட்டுக் கறிக்கும் உதவி. 2022 நெருக்கடிக்குப் பிறகு கடைச் சாமான்களின் விலையைப் பார்த்துவிட்டு, ஜிக் ஹெட்டை வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்க்கிறார்கள். "சேர், எந்த அச்சு நல்லம்?" என்று எங்களிடமும் கேட்கிறார்கள்.

அதை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டு பாதியாகத் திறந்து மூடும் அலுமினிய அச்சுதான் நீண்ட காலம் பாவிக்கும். வாங்க முன்னர் நீங்கள் பாவிக்கும் தூண்டிலை அதன் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடவும் கூடாது, அச்சு மூடுவதைத் தடுக்கவும் கூடாது. ஆழம் குறைந்த களப்புக்கு 7, 10 கிராம் போதும். நீரோட்டம் இழுக்கிற இடத்துக்கு 14 அல்லது 21 கிராம் தேவைப்படும். பிளாஸ்டர் அச்சு மலிவு. ஆனால் அதற்குள் கொஞ்சம் ஈரம் நின்றாலும், உருகிய ஈயம் பட்டவுடன் நீர் ஆவியாகி, ஈயம் முகத்தில் தெறிக்கும்.

ஆனால் எங்களுடைய கவலை அச்சு அல்ல, அடுப்பு.

தரம் 6 மாணவன் ஒருவன் தானே வார்த்த ஜிக் ஹெட்டைக் காட்டினான். அழகான வேலை. எங்கே வார்த்தாய் என்று கேட்டோம். "குசினியில சேர், உம்மாட பழைய தாச்சியில." ஈயம்? "பழைய பற்றரிய உடைச்சி எடுத்த." பக்கத்தில் யார்? "தங்கச்சி பாத்துக்கிட்டு இருந்தா."

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். விறகடுப்பே அதற்குப் போதும், அதனால்தான் இது இவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கழிவு தூளாகித் தரையிலும் சட்டியிலும் உடுப்பிலும் படியும். தவழும் பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களை விட நான்கைந்து மடங்கைச் சிறுவர்களின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பற்றரி ஈயம் இன்னும் மோசம். அமிலமும் நுண்ணிய ஈயத் தூளும் சேர்ந்தே வரும்.

செனகல் நாட்டின் டாக்கார் நகரில் தியாரோய் சூர் மேர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பழைய பற்றரி ஈயம் கலந்த மண்ணை ஆட்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். அவர்களும் நாலு காசு தேடியவர்கள்தான்.

"எங்கட வாப்பாமார் காலங்காலமா வலைக்கு ஈயம் உருக்கினவங்க, என்ன நடந்திச்சி?" என்று கேட்பீர்கள். ஈயம் எல்லாரையும் படுக்கையில் தள்ளாது. அது பிள்ளையின் கவனத்தையும் ஞாபகத்தையும் மெல்ல மெல்லக் குறைக்கும். வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு ஈயம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஈயம் செய்யும் வேலை அதுதான். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

ஆகவே எங்கள் கருத்து இது. வீட்டுக்கு வீடு அச்சு வேண்டாம். மீனவர் சங்கங்கள் கரையோரத்தில், வீடுகளுக்குத் தள்ளி, காற்றோட்டமான ஒரு கொட்டிலை ஒதுக்கட்டும். நல்ல அலுமினிய அச்சு இரண்டு மூன்றைப் பொதுவில் வாங்கினால் ஊருக்கே காணும். பழகிய நானாமார் வார்க்கட்டும். பற்றரியை யாரும் உடைக்க வேண்டாம். வார்த்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உருக்கிய சட்டி மறுபடி சமையலுக்கு வரவே கூடாது. ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அதுவரைக்கும், தாய்மாரே, குசினியில் ஈயச் சட்டி ஏறினால் அடுப்பை அணைத்துவிடுங்கள். மகன் கோபிப்பான். கோபித்தால் எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.