கணினி சாகவில்லை, தீனி போதவில்லை

புதிய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பொருத்திய பிறகு கணினி இயங்க மறுத்தால், நமது ஊர்களில் உடனடியாக ஒரு மரணச் சான்றிதழ் எழுதப்பட்டுவிடுகிறது. "மதர்போர்ட் போய்விட்டது" என்பதே அந்தச் சான்றிதழின் ஒரே வாசகம். என்ன சோதனை செய்யப்பட்டது, எந்தக் காரணத்தால் அந்த முடிவு எட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. வாடிக்கையாளரும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எடுத்து வைக்கிறார்.

இந்த வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் கற்றது கலைப் பாடங்கள், மின்னணுவியல் அல்ல. ஆயினும் ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்புமுன் அதற்கு ஆதாரம் கேட்பது என் தொழில். 'மதர்போர்ட் போய்விட்டது' என்பதும் ஒரு செய்திதான். அதற்கும் ஆதாரம் கேட்க வேண்டும், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

யாழ்ப்பாண நகரில் இருப்பவருக்கு இது ஒரு சிறு எரிச்சல். தீவகத்தில் இருப்பவருக்கு அப்படியல்ல. ஊர்காவற்றுறையிலிருந்து தரைவழியாகவேனும் வந்துவிடலாம். நெடுந்தீவிலிருந்து வருபவர் கணினியைச் சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் குலுங்கி நகருக்கு வந்து சேர வேண்டும். நயினாதீவுக்காரருக்குக் கடல் குறைவு, மற்றதெல்லாம் ஒன்றே. சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் படகை நம்பவும் முடியாது. இணைக்கப்படாத ஒரு வயருக்காக இத்தனை அலைச்சல் என்றால், அதை விதி என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் கதை இது. நெடுந்தீவில் கல்யாண வீடியோ தொகுத்துப் பிழைப்பவர். பழைய அலுவலகக் கணினி ஒன்று வைத்திருந்தார். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் நல்ல மனத்தோடு ஒரு கிராஃபிக்ஸ் கார்டும், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு மாற்று வயரும் அனுப்பியிருந்தார். பொருத்தினார். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதுவே. பட்டணத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்த உரையாடலை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"அண்ணை, கார்டைக் கழட்டிப்போட்டு ஒருக்காப் பாத்தனீங்களோ?"

"அதெல்லாம் பாக்கத் தேவையில்லைத் தம்பி. உது மதர்போர்ட் போட்டுது. புதுசு போடவேணும்."

அவர் புதிது போடவில்லை. போடக் கையில் பணமும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிக் கார்டைக் கழற்றினார், மொனிட்டர் வயரைப் பழைய இடத்தில் செருகினார், கணினி எழுந்து நின்றது. 'இறந்துபோன' மதர்போர்ட் அன்றிரவே ஒரு பூப்புனித நீராட்டு விழாவைத் தொகுத்து முடித்தது.

பழுது எங்கே இருந்தது? கூட்டல் கணக்கில் இருந்தது. அந்தக் கணினியின் பவர் சப்ளை 240 வாட். கார்ட் செருகப்படும் துளையினூடாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். கார்டின் தலையில் ஆறு பின் இணைப்பு இருந்தால் மேலும் 75 வாட், எட்டுப் பின் இணைப்பு இருந்தால் மேலும் 150 வாட் அது கேட்கக்கூடும். எட்டுப் பின் கார்ட் ஒன்றுக்கு ஆக மொத்தம் 225 வாட் வரை. பிராசசருக்கு ஒரு 65 வாட் வையுங்கள். 290 வந்துவிட்டது, தட்டோ 240தான். சுமை தாங்காதபோது பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடுகிறது. விசிறி சுழன்று நின்றதன் பொருள் அதுதான். அந்தக் கணினி சாகவில்லை, பசித்திருந்தது.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மலிவான பவர் சப்ளைகளில் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 12 ஆல் பெருக்க 216 வாட். கார்டும் பிராசசரும் உண்பது பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான். மாற்று வயர்களிலும் எச்சரிக்கை தேவை. ஹார்ட் டிஸ்கிற்குப் போகும் சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதிலிருந்து 150 வாட் இழுக்க முயன்றால் அந்த இணைப்பு உருகும்.

இனி, கடைக்காரர் செய்திருக்க வேண்டியதும் எவரும் வீட்டில் செய்யக்கூடியதுமான சோதனை. மின்சார வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேசிங்கின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டுப் புதிய கார்டைக் கழற்றுங்கள். பழைய கார்ட் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மதர்போர்டிலேயே உள்ள மொனிட்டர் துளையைப் பயன்படுத்துங்கள். (சில பிராசசர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. அங்கே பழைய கார்ட் கட்டாயம்.) கணினி எழுந்தால் மதர்போர்ட் உயிரோடு இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எழுதப்படும் எந்தச் சான்றிதழும் செல்லாது.

எழுந்துவிட்டதா? புதிய கார்டை மறுபடி பொருத்துங்கள். துளையின் நுனியிலுள்ள பூட்டு 'கிளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். அதன் மின் இணைப்பைப் பவர் சப்ளையிலிருந்து வரும் உரிய வயரால் கொடுங்கள். பிராசசருக்கான எட்டுப் பின் வயரும் கார்டுக்கான எட்டுப் பின் வயரும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணிக்கக் கூடாது. விசிறி தொடர்ந்து ஓடியும் திரை கறுப்பாகவே இருந்தால், மொனிட்டர் வயர் புதிய கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்ட் வந்ததும் மதர்போர்ட் தன் துளையை அடைத்துவிடுவது பல கணினிகளில் இயல்பு. வேலையின்போது கை பட்டு ரம் தளர்ந்திருக்கலாம். கழற்றி மீண்டும் அழுத்துங்கள். கடற்காற்றுப் படும் ஊர்களில் கார்டின் பொன்னிற முனைகளில் மங்கல் படிந்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெல்லத் துடைக்கலாம். அதுவும் போதாதென்றால், மின்சார வயர் சுவரில் இல்லாத நிலையில், மதர்போர்டிலுள்ள காசு வடிவ பற்றரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து பயோஸ் அமைப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். பழைய மதர்போர்டின் பயோஸ் புதிய கார்டை அறியாதிருப்பதும் உண்டு. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வளவுதான். இதில் எதுவும் பரம இரகசியம் அல்ல. ஆயினும் நமது ஊர்களில் இது இரகசியமாகவே இருக்கிறது. இதற்கு மூன்று தரப்பாரைக் குற்றம் சொல்வேன்.

முதலாவது, சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லும் கடைக்காரர். எல்லாரும் அப்படியல்லர் என்பதை அறிவேன். பத்து ரூபா வாங்காமல் வயரைச் செருகி அனுப்பிவிடும் நேர்மையாளர்களையும் கண்டிருக்கிறேன். "இதையெல்லாம் சனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் உள்ளதையும் உடைத்துக்கொண்டு வருவார்கள்" என்பது மற்றவர்களின் வாதம். சரி, சிலர் உடைக்கத்தான் செய்வார்கள். அதற்காக நோயாளிக்குத் தன் நோயின் பெயரே தெரியக் கூடாது என்று எந்த வைத்தியர் சொல்வார்?

இரண்டாவது, புலம்பெயர்ந்து வாழும் நமது உறவுகள். உங்கள் அன்பை நான் ஐயப்படவில்லை. கார்ட் அனுப்புகிறீர்கள், கணினி அனுப்புகிறீர்கள். அனுப்புமுன் "உன்னுடைய பவர் சப்ளையில் என்ன எண் எழுதியிருக்கிறது, படம் எடுத்து அனுப்பு" என்று ஒரு கேள்வி கேட்டீர்களா? கண்ணுக்குத் தெரியும் பகுதியை அன்பளிப்புச் செய்வதில் நமக்கு இருக்கும் ஆர்வம், அதைத் தாங்கி நிற்கும் பகுதியில் இருப்பதில்லை. கோயில் கோபுரத்துக்கு நிதி சேரும், கிணற்றடிக்குச் சேராது. இதுவும் அதே நோய்தான்.

மூன்றாவது, எழுதுகிறவர்களாகிய நாம். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுக்கப்பட்ட காலத்திலிருந்து கணித்தமிழ் பற்றிப் பேசிவருகிறோம். பவர் சப்ளையை 'மின்வழங்கி' என்பதா வேறு எதுவும் சொல்வதா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறோம். அது செத்துப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தமிழில் எழுதியவர்கள் எத்தனை பேர்?

இத்தனைக்கும் நாம் கைத்திறன் அற்ற சனங்கள் அல்லர். 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, சில துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டுக்கு வந்திருந்தவர்களும் அந்த வாழ்வில் பங்காளிகள். எந்த இயந்திரம் எதை உண்கிறது, எவ்வளவு உண்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்த காலம் அது. பொருள் கிடைக்கத் தொடங்கியதும் அந்த அறிவைக் கைகழுவிவிட்டோம்.

கணினிப் பெட்டிக்கு வெளியேயும் இதே கேள்வி காத்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே சூரிய, காற்று மின்திட்டம் அமைக்கும் பணி 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அந்த ஆண்டின் இறுதியில் சீன நிறுவனம் பணியை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம். யார் பொருத்துவது என்பதற்கு இரண்டு பெரிய நாடுகள் மல்லுக்கட்டின. பொருத்திய பின் பழுது வந்தால் அந்தத் தீவில் யார் பார்ப்பது என்று நம்மில் எவர் உரத்துக் கேட்டோம்? பற்றரியும் இன்வேர்ட்டரும் நிறைந்த நிலையம் ஒன்றின் ஒவ்வொரு பழுதுக்கும் படகு வரும்வரை காத்திருப்பது, கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு குறிகட்டுவானில் நிற்பதன் பெரிய வடிவமே தவிர வேறில்லை.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. ஒவ்வொரு தீவிலும் ஒரு பாடசாலையிலோ பொது நூலகத்திலோ ஒரு மல்ரிமீற்றர், சோதித்துப் பார்க்க நல்ல பவர் சப்ளை ஒன்று, பழைய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று, மேலே சொன்ன சோதனை முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாள். ஒரு புதிய கார்டின் விலைக்குள் இவை அடங்கும். அடுத்த தடவை ஊருக்குப் பொதி கட்டும் அன்பர்கள் இதைக் கட்டுங்கள். அடுத்த தடவை கடையில் "மதர்போர்ட் போய்விட்டது" என்று சொன்னால், என்ன சோதனை செய்தீர்கள் என்று பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் காசை மட்டுமல்ல, கணினியையும் கொடுக்காதீர்கள்.