இரண்டு வலக் கைகள்

"உங்கள் கதையில் வருகிறாளே, அவள் யார்? நிஜமாகவே இருக்கிறாளா?" கதை எழுதுகிறவனிடம் வாசக அன்பர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. 'இருக்கிறாள்' என்றால், "அப்படியா, பார்த்ததை எழுதிவிட்டீர்கள்!" என்பார்கள். 'இல்லை' என்றால், "அப்போது எல்லாம் பொய்தானா?" என்பார்கள். எப்படியும் எழுதியவனுக்குப் பெருமை கிடையாது!

இது பழைய வழக்கு. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஒரு பெல்ஜியச் சிப்பாயை நிறுத்தி வைத்து, ஒன்றரை ஆண்டு பாடுபட்டு, 'வெண்கல யுகம்' என்ற சிலையைச் செய்தார். 1877-இல் அதைக் கண்ட மேதாவிகள், "உயிருள்ள உடம்பின் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார்" என்று பழி சுமத்தினார்கள். சிப்பாயின் புகைப்படங்களைக் காட்டி அவர் வாதாட வேண்டியிருந்தது. 1880-இல்தான் அரசாங்கம் அச்சிலையை வாங்கியது.

அப்படியானால் அவருக்கு அச்சும் பிளாஸ்டரும் ஆகாதவையா? இல்லவே இல்லை. களிமண்ணில் தாம் பிடித்த கைகளை அச்செடுக்கச் செய்து, பிளாஸ்டரில் வார்த்துச் சேர்த்து வைத்தார். பாரிஸை அடுத்த மெதோனில் அவருடைய பட்டறையில் இழுப்பறை இழுப்பறையாகக் கைகள், கால்கள், தலைகள்! கோழியை அறுத்தபின் தனியே எடுத்து வைக்கும் தலை, கால், இறக்கைகளுக்குச் சமையற்கட்டில் வழங்கும் பெயரையே அவற்றுக்கு அவர் வைத்திருந்தார். ஒரு சிலைக்காகச் செய்த கை இன்னொரு சிலைக்குப் போகும்; வேறு கோணத்தில் திருப்பி நிறுத்தினால் தனிச் சிற்பமாகவே நின்றுவிடும்.

"செய்ததையே திரும்பப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம் அல்லவா?" என்பீர்கள். அல்ல. கை அதுவேதான், ஆனால் அதைப் பிடுங்கி எங்கே வைப்பது என்று கண்டவன் ஒருவன் வேண்டுமே! 1908-இல் அவர் செய்த 'தேவாலயம்' என்ற சிற்பத்தைப் பாருங்கள். இரண்டு கைகள் உயர்ந்து, விரல் நுனிகள் தொடுமோ தொடாதோ என்று நிற்கின்றன. நடுவில் வெற்றிடம், அதுதான் கோயில். உற்றுப் பார்த்தால் இரண்டும் வலக் கைகள்! எந்த மனிதன் மேல் பிளாஸ்டரை ஊற்றி இந்த ஜோடியை எடுப்பீர்கள்?

1917-இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு, ரோடினின் கையையே அச்செடுத்தார்கள். சுருக்கம் தவறாமல் பதிந்தது. அது மட்டும் என்றால் வெறும் அத்தாட்சி. அந்தக் கைக்குள் அவர் செய்த சின்னஞ்சிறு பெண்ணுடல் ஒன்றை வைத்த பிறகே அது சிற்பமாயிற்று.

உலகத்திலிருந்து எடுப்பது குற்றமல்ல; எடுத்ததோடு நின்றுவிடுவதுதான் குற்றம். 'அவள் யார்?' என்று இனியும் கேட்கத் தோன்றினால், அந்த இரண்டு வலக் கைகளும் எந்த ஒருவருடையவை என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.