ஒட்டுப் போட்ட சிறகு

விமானம் என்றதும் நம் மாணவ நண்பர்கள் அலுமினியத்தையும் ஜெட் எஞ்சினையும் நினைக்கிறார்கள். மரத்தை யார் நினைக்கிறார்கள்? ஆனால் நாம் படிக்கும் இந்தப் பெங்களூரின் வானத்தில் 1944-ஆம் ஆண்டு மரச் சிறகு கொண்ட போர்விமானங்கள் பறந்தன. எலகங்கா விமானத் தளத்தில்தான் பிரிட்டிஷ் விமானப்படையினர் 'மஸ்கிட்டோ' என்ற விமானத்தை ஓட்டிப் பழகினார்கள். அண்டையிலுள்ள கோலாரிலும் ஒரு படைப்பிரிவு அதற்கு மாறியது.

மஸ்கிட்டோவின் சிறகு, ஸ்புரூஸ் மரச் சட்டங்களின்மேல் ஒட்டுப்பலகையைப் பசையிட்டு இறுக்கிச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில், இந்தியாவில், பறந்துகொண்டிருக்கும்போதே சில மஸ்கிட்டோக்களின் சிறகு முறிந்தது. ஓட்டியவர்கள் மாண்டார்கள். நவம்பரில் விமானங்களைத் தரையில் நிறுத்திவிட்டு ஆராய்ந்தார்கள். மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கியதில் மரம் சுருங்கி, மேற்பலகை சட்டத்தை விட்டுப் பிரிந்திருந்தது. அதனினும் கொடியது வேறொன்று. தொழிற்சாலையிலேயே சட்டமும் பலகையும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டுப் பசை பூசி மூடியிருந்தார்கள்! வெளியே வண்ணம் பளபளத்தது. உள்ளே ஒட்டு இல்லை. பிறகு சிறகின் நீளத்துக்கு ஓர் ஒட்டுப்பலகைப் பட்டியை வைத்து, ஈரம் புகும் அந்த இணைப்பை மூடினார்கள். மேதைகள் வரைந்த விமானத்தைக் காத்தது ஒரு பட்டிப் பலகை.

புதிதாகப் படைப்பது விஞ்ஞானம், பழுது பார்ப்பது கூலிவேலை என்று நம் கல்விக்கூடங்கள் கருதுகின்றன. இந்தக் கருத்து தவறானது, ஆபத்தானதுங்கூட என்பது என் துணிபு. மரச் சிறகைப் பழுது பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம்.

பறக்கும்போது சிறகு மேல்நோக்கி வளைகிறது. அதன் முதன்மைச் சட்டத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் நெருக்குண்கிறது. ஒரு மோதலுக்குப் பின் மேற்பக்கத்தில் நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற கோடு ஒன்று தென்படலாம். கீறல் என்று எண்ணி வண்ணம் பூசுகிறவன் கொலைகாரன் ஆவான். அங்கே நார்கள் நசுங்கி, வலிமை அற்றுப் போயிருக்கின்றன. அதைக் காண விளக்கு வேண்டும், கண்ணாடி வேண்டும், அவற்றினும் மேலாகப் பொறுமை வேண்டும்.

கெட்ட பகுதியை வெட்டிப் புது மரம் இணைக்கும்போது நேர்வெட்டாக வெட்டினால் பசை பிடிக்காது. மரத்தின் முனை வைக்கோல் கட்டின் முனையைப் போன்றது. பசையை உறிஞ்சிவிடும், பிடித்துக்கொள்ளாது. ஆகவே நாரும் நாரும் பக்கவாட்டில் தழுவும்படி நீண்ட சரிவாக வெட்டுகிறார்கள். கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது நல்ல கணக்கு. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் அடி! சிறகை உடலோடு பிணைக்கும் இரும்புப் பொருத்துகளின் அடியில் இத்தகைய ஒட்டுக்கே இடமில்லை. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. தூசி நார்க்கண்களை அடைத்துவிடும். கூரான இழைப்புளியால் இழைத்த முகந்தான் பசையை ஏற்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 8 முதல் 12 வரை இருக்க வேண்டும். ஓரச் சிறகில் ஒட்டுப் போட்டால் எடை கூடும்; அதைச் சமன் செய்யாவிட்டால் வேகத்தில் அது படபடத்துச் சிறகையே பிய்த்தெறியும். இவற்றில் எது கூலிவேலை? பொறியியல், வேதியியல், தாவரவியல் மூன்றும் ஒரு முழ நீள மரத்தில் வந்து கூடுகின்றன அன்றோ?

சொந்த முயற்சியில் விமானம் கட்டியவர்களை நோக்கினால் இது இன்னும் விளங்கும். சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910 மார்ச்சில் தம் சொந்த விமானத்தைப் பறக்கவிட்டார். பல்லாவரத்தில் சோதனை நடந்தது. விமானத்தைக் கட்டித் தந்தது வண்டி கட்டும் சிம்ப்சன் கம்பெனி. ஆம், வண்டித் தச்சர்களின் கூடம்! 1948-இல் பிரான்சில் முதலில் பறந்த ஜோடல் டி-9 என்ற ஒற்றையாள் மர விமானத்தை வரைபடம் வாங்கித் தம் கொட்டகையில் கட்டியோர் உலகில் பலர். கட்டியவரே பழுதும் பார்க்கிறார். (சரிபார்த்துக் கையொப்பமிட வேறொருவர் வேண்டும் என்பேன். தன் ஒட்டின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது.)

நம் நாட்டு நிலை என்ன? பறக்கும் சங்கங்களிலும் விமானப்படையிலும் ஒரு தலைமுறையே டைகர் மாத் என்ற மரச்சிறகு விமானத்தில் பறக்கக் கற்றது. அவற்றுள் ஒன்றை நம் விமானப்படை மீண்டும் பறக்கவைக்க விரும்பியபோது இங்கிலாந்தில் கொடுத்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. 2012-இல் அது மறுபடியும் நம் வானில் பறந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் மரத்துக்கும் தச்சருக்கும் பஞ்சமில்லாத நாடு அதைக் கடல் கடந்து அனுப்பியதை நினைத்தால் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

"மரத்தின் காலம் போய்விட்டதே, இனி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இதே பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி 1993-இல் பறந்த 'ஹன்சா' மர விமானமன்று. கண்ணாடி இழையும் பிசினும் கொண்டது. அத்தகைய சிறகு அடிபட்டால் என்ன செய்கிறார்கள்? அடுக்கடுக்காக நீண்ட சரிவாய்த் தேய்த்து, ஈரமும் தூசியும் அணுகாமல் காத்து, புது இழையைப் படியவைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டு விட்டிருக்கிறதா என்று காசால் தட்டி ஓசை கேட்கிறார்கள். பொருள் மாறிற்று, தச்சரின் முறை மாறவில்லை.

பட்டமேற்படிப்பு மாணவன் என்ற முறையில் நான் காண்பது இது: ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவி அமைத்தவன் பெயர் கட்டுரையில் ஏறுகிறது, பழைய கருவியைப் பிரித்து, குறை கண்டு, ஓடவைத்தவன் பெயர் எங்கும் ஏறுவதில்லை. மதிப்பெண்ணும் இல்லை. ஆகவே எவனும் பிரித்துப் பார்ப்பதில்லை. வண்ணத்தின் கீழுள்ள இடைவெளியைத் தேடும் கண் எப்படி வரும்?

நம் தமிழ்ச் சங்கம் ஆண்டுக்கு எத்தனையோ சொற்பொழிவுகள் நடத்துகிறது. அவற்றில் இரண்டைக் குறைத்துவிட்டு, தேர்ந்த தச்சர் ஒருவரை ஒரு மாதத்துச் சனிக்கிழமைகளில் அழைப்போம். பொன்னாடை வேண்டாம், பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவருக்கும் தருவோம். ஆகும் செலவு சில மரத்துண்டுகள், ஓர் இழைப்புளி, ஒரு டப்பாப் பசை. அரை அங்குலக் கனச் சட்டத்தை ஆறு அங்குலச் சரிவில் வெட்டி ஒட்டி, பசை நன்றாக இறுகியபின் இருமுனையும் தாங்கி நடுவில் பாரம் ஏற்றி ஒடித்துப் பார்க்கலாம். மரம் நார்நாராய்க் கிழிந்தால் ஒட்டு நல்லது. ஒட்டிய முகம் வழுவழுவென்று அப்படியே பிரிந்து வந்தால், அடுத்த சனிக்கிழமையும் இழைப்புளியைத் தீட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.