இருமல் எல்லாம் காசமா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒருவருக்கு மாதக் கணக்கில் இருமல். மாலையானால் காய்ச்சல். உடம்பு இளைக்கிறது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல் விழுகிறது. உடனே "காச நோய்" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நம் நாட்டில் காசம் அவ்வளவு மலிந்து கிடக்கிறது.

ஆனால், சளியில் காசக் கிருமி இல்லை, மருந்து கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால்? அப்போதும் "காசம்தான்" என்று பிடிவாதம் பிடிப்பது நியாயமா?

காசத்தைப் போலவே வேடம் போடும் நோய் ஒன்று உண்டு. ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சைக்காளான் நுரையீரலில் குடியேறுவதால் வருவது அது. 1905-ம் ஆண்டில் பனாமாவில் டாக்டர் டார்லிங் ஒரு தொழிலாளியின் பிரேதத்தைப் பரிசோதித்தார். நுரையீரலெங்கும் காசத்தில் காண்பது போன்ற சிறு முடிச்சுகள். கிருமியோ வேறு! அதைக் காளான் என்று அவரும் அறியவில்லை; நுண்ணிய பிராணி என்றே எண்ணினார். கண்டுபிடித்தவரையே ஏமாற்றிய நோய் மற்றவர்களைச் சும்மா விடுமா?

அமெரிக்காவின் ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இதற்குப் பேர்போனவை. இந்தியாவில் 1954-ல் கல்கத்தாவில் இது வெளிப்பட்டது. வங்காளத்தில்தான் அதிகம். வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் இந்தக் காளான் வளரும். அந்தப் புழுதியைச் சுவாசித்தால் நோய் வரலாம். தென்னாட்டில் அபூர்வம். ஆகவே டாக்டருக்கு நினைவே வருவதில்லை.

ரயில் ஓடுகிறதே! விழுப்புரம் பெரிய ஜங்ஷன். பிழைப்பைத் தேடி வடக்கே போகிறவர்களும் உண்டு. அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. "எத்தனை நாளாக இருமல்?" என்று கேட்கும்போதே, "எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள்? பாழடைந்த கட்டடம், கோழிப் பண்ணை எதையாவது சுத்தம் செய்தீர்களா?" என்றும் கேட்கவேண்டும். காசு செலவில்லாத பரிசோதனை இது.

சந்தேகம் வந்தால் சளியையோ சதைத் துணுக்கையோ காளான் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. காளான் வளர்ந்து தெரிய நாலைந்து வாரம்கூட ஆகலாம்.

மருந்து இல்லாமல் இல்லை. லேசான நோய் தானாகவே மறையும். மற்றபடி இட்ராகொனசோல், கடுமையானால் முதலில் ஆம்போடெரிசின் ஊசி. நுரையீரலில் குழி விழுந்துவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் மருந்து சாப்பிடவேண்டும். இதில் ஒரு வம்பு உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று காச மருந்தான ரிபாம்பிசினையும் சேர்த்தால், அது இட்ராகொனசோலை இரத்தத்தில் தங்கவிடாது!

இன்னொன்று. இந்தக் காளான் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காசம் என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டில் தட்டு தனி, டம்ளர் தனி என்று ஆகிவிடுகிறது. (காசமே தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை, அது வேறு விஷயம்.) பேரப்பிள்ளையைக்கூடப் பக்கத்தில் விடமாட்டார்கள்.