குட்டைக்கரை வீரம்

மான் வேட்டையைக் குலப்பெருமையாக எழுதிவரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பூமியில் பங்குனிக்குள் கண்மாய்கள் வற்றிவிடும். மிஞ்சிய குட்டைக்கு மான் வந்தே தீரும். என் தாத்தா துப்பாக்கியோடு காத்திருந்தது அங்கேதான். இதில் வீரம் எங்கே? வீட்டில் அதற்கு ‘சீசன்’ என்று பெயர் வேறு. கொம்பு எங்கள் சுவருக்கு வந்தது. தடம் பார்த்துச் சொல்லி, சுமந்து, தோலுரித்தவருக்குக் குடல்தான் பங்கு. அவர் பெயர் எனக்கே தெரியாது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டையும் ஒழிந்தது. அச்சில் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால் மண்வாசனையாம். தண்ணீரில் வாய் வைத்தபடியே சரிந்த பிணையின் மடியில் பால் கசிந்ததை நான் பார்த்தேன். அன்று கறியும் தின்றேன். அதை எழுதட்டும், பேசலாம்.