எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை உண்டா?



ஒத்துப்போகாத இருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், 'எண்ணெயும் தண்ணீரும் போல' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மாமியார் மருமகளுக்கும், பங்காளிகளுக்கும், அடுத்த தெருவாருக்கும் இந்த உவமை எளிதாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் மெய்யாகவே பகை உண்டா? இத்தகைய கேள்விகளிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு வேதியியல் அறிஞரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

ஜோயல் ஹில்டிபிராண்ட் 1881-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் பிறந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1906-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1913-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்; அதுவே அவரது வாழ்க்கைக் களமாயிற்று. முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதைத் தாழ்வாகக் கருதாமல், பல்லாயிரம் இளைஞர்களுக்கு வேதியியலின் அரிச்சுவடியைக் கற்பித்தவர் அவர்.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் சமையலறையில் சிறு குழந்தையும் கேட்கக்கூடியது: எது எதில் கரையும்? எதில் கரையாது? ஏன்? 1924-இல் கரைதிறனைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

அவர் கண்ட விடையின் சாரம் இதுதான். எந்தத் திரவத்திலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேறொரு திரவம் உள்ளே நுழைய வேண்டுமாயின், இருபுறமும் அந்தப் பிடி சற்றே தளர வேண்டும். இரண்டின் பிடியும் ஏறக்குறைய ஒரே அளவாயிருந்தால் அவை எளிதில் கலக்கும்; பெரிதும் வேறுபட்டால் பிரிந்து நிற்கும். ஒரு திரவத்தை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பதைக் கொண்டு அந்தப் பிடியின் வலிமையை எண்ணாகக் கணக்கிட அவர் வழி வகுத்தார். எல்லாத் திரவங்களுக்கும் இக்கணக்கு ஒன்றுபோல் பொருந்தாது எனினும், எந்தப் பிசினை எந்தத் திரவத்தில் கரைப்பது என்று அறியச் சாயப்பூச்சுத் தொழிலில் அவர் பெயரால் வழங்கும் அந்த எண் இன்றும் உதவுகிறது.

'இதனால் மனிதருக்கு என்ன பயன்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? ஆழ்கடலில் மூழ்குவோரை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலுக்குள் மிகுதியாகக் கரைந்து அறிவை மயக்குகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல் இரத்தத்தில் குமிழிகள் எழுகின்றன. முடமாவதும் உண்டு, உயிர் போவதும் உண்டு. ஹீலியம் கொழுப்பிலும் நீரிலும் அவ்வளவாகக் கரைவதில்லை. ஆகவே நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தை ஆக்சிஜனுடன் கலந்து கொடுக்கலாம் என்று 1920-களில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஹில்டிபிராண்டும் ஒருவர். 1939-இல் 'ஸ்குவாலஸ்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் அமிழ்ந்தபோது, அதனை மேலே கொண்டுவரப் பாடுபட்ட வீரர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தே அந்த ஆழத்தில் வேலை செய்தனர். கரைதல் பற்றிய எளிய கேள்வி, கடலடியில் மனித உயிருக்குக் காவலாயிற்று!

1952-இல் அவர் பணி ஓய்வு பெற்றார். ஆய்விலிருந்து ஓய்வு பெறவில்லை. 1979-இல், 97 வயதில், எண்ணெயையும் தண்ணீரையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது என்று பொருள்படும் கலைச்சொல்லை அறிஞர்கள் கையாள்வதை அவர் மறுத்தார். மழைநீரில் சிந்திய மண்ணெண்ணெய் வானவில் நிறங்காட்டிப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறுப்பு இருந்தால் அது சுருண்டு ஒதுங்கியிருக்குமே! அவ்விரண்டுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. ஆனால் நீரின் மூலக்கூறுகள் தமக்குள் அதைவிட வலுவாகக் கைகோத்திருப்பதால், எண்ணெய்க்கு உள்ளே இடம் கிடைப்பதில்லை. அந்தக் கலைச்சொல் இன்றும் நூல்களில் நிலைத்திருக்கிறது; அவர் எடுத்துக்காட்டிய உண்மையும் நிலைத்திருக்கிறது. 1983-இல், 101 வயதில் அவர் மறைந்தார்.

வாசகர்களே! நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஆறு மாதமாகியும் நம்மோடு கலக்கவில்லை என்றால், 'அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த மருமகள் ஒதுங்கியிருந்தாலும் அதே தீர்ப்புத்தான். அவர்கள் நுழைய இடமின்றி, நாம் நமக்குள்ளேயே இறுகக் கைகோத்து நிற்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மவரோடு நெருங்கியிருப்பது குற்றமன்று. அந்த நெருக்கம் வாசலை அடைத்துவிடும்போதுதான் தவறாகிறது.

எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தைத் தண்ணீர் மட்டும் கழுவிவிடாது. சிறிது சவர்க்காரம் வேண்டும். அதன் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் தெருவிலும் இரு தரப்பாரோடும் பேசக்கூடிய ஒருவர் இருப்பார். அடுத்த முறை 'எண்ணெயும் தண்ணீரும் போல' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்த ஒருவர் நாமாக இருக்க முடியுமா என்று சிந்திப்போமாக!